22 எழுத்துகளில் ஒரு நகரத்தின் அழுகை

எபிரெய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். பைபிளின் பழைய ஏற்பாட்டில் 'புலம்பல்' என்றொரு சிறு நூல் இருக்கிறது. அதில் ஐந்து பாடல்கள். ஒவ்வொரு பாடலின் வசனங்களையும் எண்ணிக்கொண்டே போனால் 22, 22, 66, 22, 22 என்று வரும். இது தற்செயலாக அமைந்த கணக்கு இல்லை. முதல் நான்கு பாடல்களும் அகரவரிசையில் கட்டப்பட்டவை. முதல் வசனம் 'ஆலெஃப்' என்ற எழுத்தில் தொடங்கும், அடுத்தது 'பேத்', அப்படியே கடைசி எழுத்தான 'தாவ்' வரை. நடுப்பாடலில் மட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வசனங்கள். அதனால்தான் 66.

பாடுபொருளோ ஒரு நகரத்தின் சாவு. தாயின் மடியில் பசியால் உயிர்விடும் குழந்தைகள், எரிந்துபோன ஆலயம், அந்நிய நாட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்ட மக்கள். இதையெல்லாம் பாட வந்தவர் எழுத்தெண்ணி, அடியெண்ணிப் பாடியிருக்கிறார். மனம் உடைந்தவனுக்கு இலக்கணம் ஏது என்று நினைக்கும் நமக்கு இது பெரும் வியப்பு. அந்த வியப்பைப் பின்தொடர்ந்து போனால், மனிதன் கடவுளிடம் என்னவெல்லாம் பேசலாம் என்ற கேள்விக்குப் பைபிள் தரும் துணிச்சலான பதில் கிடைக்கிறது.

தீ காத்த சாட்சி

கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசீரியப் பேரரசு சரிந்து பாபிலோன் தலையெடுத்தது. எகிப்துக்கும் பாபிலோனுக்கும் நடுவே சிக்கிய சின்னஞ்சிறு நாடு யூதா. அதன் தலைநகர் எருசலேம். கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் நகரைப் பிடித்து, யூதாவின் இளம் அரசனைச் சிறைபிடித்துச் சென்றான். பாபிலோனியர் தங்கள் வரலாற்றுக் குறிப்பில் இதைக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அடுத்து அரியணையில் அமர்த்தப்பட்ட சிதேக்கியா, பாபிலோனை எதிர்த்துக் கலகம் செய்தான். மீண்டும் முற்றுகை. ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் நகரம் அடைபட்டுக் கிடந்தது, உணவு தீர்ந்தது, மதில் உடைந்தது. கி.மு. 587 அல்லது 586இல் ஆலயமும் அரண்மனையும் வீடுகளும் கொளுத்தப்பட்டன.

எருசலேமின் 'தாவீதின் நகரம்' என்னும் பகுதியில் 1978 முதல் 1985 வரை இகால் ஷிலோ நடத்திய அகழாய்வில் அந்தத் தீயின் தடம் வெளிப்பட்டது. கரிந்த மரத்துண்டுகள், அம்பு முனைகள், இடிந்த வீடுகள். ஒரு வீட்டில் ஆவணங்களுக்கு இட்ட களிமண் முத்திரைகள் 51 கிடைத்தன. அவை முத்திரையிட்ட ஏடுகள் எரிந்து சாம்பலாகிவிட்டன. ஆனால் அதே தீ அந்தப் பச்சைக் களிமண்ணைச் சுட்டுக் கெட்டியாக்கி, 2,500 ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் காத்துவிட்டது. ஊரை அழித்த நெருப்பே ஊரின் பெயர்களைக் காப்பாற்றித் தந்திருக்கிறது.

இந்த அழிவின் குரல்தான் புலம்பல் நூல். எரேமியா தீர்க்கதரிசி எழுதியது என்பது மரபு. எபிரெய மூலத்திலோ ஆசிரியர் பெயர் எங்கும் இல்லை.

வளர்ந்து தேயும் வடிவம்

அகரவரிசை எதற்கு? மனப்பாடம் செய்ய உதவும் என்பது ஒரு விளக்கம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை போய்விட்டால் எதையும் விடாமல் சொல்லி முடித்ததாகும் என்பது இன்னொன்று. மூன்றாவது ஒன்றும் உண்டு. துயரத்துக்குக் கரை இல்லை. எழுத்துகளுக்குக் கரை உண்டு. 22ஆம் எழுத்தில் நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்த முடிந்தவரால்தான் மறுபடி தொடங்கவும் முடிகிறது. அதனால்தான் ஐந்து பாடல்கள்.

நூலின் உருவத்தைத் தள்ளி நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முதல் இரண்டு பாடல்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று அடிகள், முதல் அடி மட்டும் அந்த எழுத்தில் தொடங்கும். மூன்றாம் பாடலில் மூன்று அடிகளுமே அதே எழுத்தில் தொடங்குகின்றன. கட்டு அங்கே உச்சம் தொடுகிறது. நான்காம் பாடலில் எழுத்துக்கு இரண்டே அடிகள். ஐந்தாம் பாடலில் வசனத்துக்கு ஓரடிதான். 22 என்ற எண்ணிக்கை நிற்கிறது, அகரவரிசை போய்விடுகிறது. பாடுகிறவர் களைத்து, குரல் வற்றிப்போவதை வடிவமே உணர்த்திவிடுகிறது.

இந்த அகரவரிசையில் ஒரு புதிரும் இருந்தது. முதல் பாடலில் 'ஆயின்' என்ற எழுத்துக்குப் பின் 'பே' வருகிறது; இன்றைய எபிரெய வரிசையும் அதுதான். அடுத்த மூன்று பாடல்களிலோ 'பே' முந்திக்கொள்கிறது. எழுதியவர் தவறிவிட்டார் என்றோ படியெடுத்தவர் குழப்பிவிட்டார் என்றோ எண்ண இடமிருந்தது. 1976இல் இஸ்ரேலின் இஸ்பெத் சர்தா என்னும் இடத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. யாரோ எழுத்துப் பழகிய ஓடு. 3,000 ஆண்டுக்கு முற்பட்டது. அதிலும் 'பே'தான் முன்னால். சினாய்ப் பாலைவனத்துக் குந்தில்லெத் அஜ்ருதில் கிடைத்த, சுமார் கி.மு. 800ஐச் சேர்ந்த அகரவரிசைகளிலும் அப்படியே. சாக்கடலோரக் கும்ரான் குகைச் சுவடியில் புலம்பலின் முதல் பாடலும் அதே வரிசையைப் பின்பற்றுகிறது. ஆக, அது பிழையே இல்லை. பழைய நாளில் பிள்ளைகள் படித்த இன்னொரு வரிசை.

ஓசையிலும் ஒரு நுட்பம் உண்டு. 1882இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் புடே, இந்தப் பாடல்களின் அடிகள் பெரும்பாலும் சமமாக ஓடுவதில்லை என்று காட்டினார். முதல் பாதியில் மூன்று அழுத்தங்கள், இரண்டாம் பாதியில் இரண்டு. எதிர்பார்த்த இடத்தில் ஓர் ஓசை குறைகிறது. ஒரு கால் நொண்டுகிறவர் நடப்பதுபோல் அடி நகர்கிறது. எல்லா அடிகளும் இதற்குள் அடங்கா. பைபிளில் தாவீது, மாண்டுபோன அரசன் சவுலுக்கும் அவன் மகன் யோனத்தானுக்கும் பாடிய புகழ்பெற்ற இரங்கற்பாவிலும் இந்த நடை இல்லை. ஆனாலும் புலம்பல் நூலை எபிரெயத்தில் கேட்பவர் காதில் முதலில் படுவது அந்தக் குறைதான்.

கற்றுத்தந்த கலை

இப்படிக் கட்டோடு புலம்புவது தனியொரு கவிஞரின் திறமை மட்டும் இல்லை. பண்டை இஸ்ரவேலில் புலம்புவது கற்றுத் தேர வேண்டிய கலை. எரேமியா நூலின் 9ஆம் அதிகாரத்தில், புலம்பத் தெரிந்த பெண்களை அழைத்து வரச் சொல்கிறார் கடவுள். மகள்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள் என்றும் அங்கே கட்டளை வருகிறது. பிற்கால யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், மனைவி இறந்தால் பரம ஏழையும் இரண்டு குழல்களுக்கும் ஒரு புலம்பற்காரிக்கும் குறையாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரபி யூதாவின் கருத்து பதிவாகியிருக்கிறது. இறந்தவர் அழுவாரின்றிப் போகாமல் பார்ப்பது அந்தச் சமூகத்தின் கடமை.

நகரத்துக்காகப் புலம்புவதோ அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. இன்றைய தெற்கு ஈராக்கில் சுமேரியரின் ஊர் என்னும் பெருநகரம், சுமார் கி.மு. 2000இல் ஏலாமியரிடம் வீழ்ந்தது. அதைப் பாடும் சுமேரியப் புலம்பல் 430 அடிகளுக்கு மேல் நீளும். நகரின் தெய்வமான நின்கால் தேவி, அழிவைத் தடுக்கும்படி மேலான தெய்வங்களிடம் மன்றாடித் தோற்று, தன் ஊருக்காக அழுகிறாள். சிதறிக் கிடந்த பலகைகளை ஒன்றுசேர்த்து சாமுவேல் நோவா கிரேமர் 1940இல் இதை வெளியிட்டார். இப்படி ஐந்து நகரப் புலம்பல்கள் சுமேரியத்தில் கிடைத்துள்ளன.

எருசலேமின் கவிஞரும் இந்த நீண்ட மரபில் வந்தவர்தான். ஆனால் அவருக்கு ஓர் இக்கட்டு. சுமேரியருக்குப் பல தெய்வங்கள். ஒரு தெய்வம் அழிக்க, இன்னொரு தெய்வம் உடனிருந்து அழலாம். இஸ்ரவேலருக்கோ ஒரே கடவுள். அழிவுக்குக் காரணமும் அவரே, முறையிட வேண்டியதும் அவரிடமே. அழுவதற்குத் தேவி இல்லாத இடத்தில் நகரமே பெண்ணாகிறது. சீயோன் குமாரத்தி என்று அழைக்கப்படும் எருசலேம், கணவனை இழந்தவளாய், பிள்ளைகளைப் பறிகொடுத்தவளாய்த் தன் வாயாலேயே பேசுகிறாள்.

குற்றம் சாட்டும் ஜெபம்

என்ன பேசுகிறாள்? தன் பாவத்தை ஒப்புக்கொள்கிறாள், மறைப்பதில்லை. ஆனால் அதோடு நிறுத்துவதும் இல்லை. நீர் யாருக்கு இப்படிச் செய்தீர் என்று பாரும் என்று கடவுளை நோக்கிக் கேட்கிறாள். இரண்டாம் பாடல் கடவுளைப் பகைவனாக வருணிக்கிறது. மூன்றாம் பாடலில், பதுங்கியிருக்கும் கரடியாகவும் சிங்கமாகவும் அவர் வருகிறார்; ஜெபம் ஏறிவர முடியாதபடி மேகத்தால் தன்னை மூடிக்கொண்டதாகக் குற்றம் சாட்டப்படுகிறார். அதே பாடலின் நடுவில்தான், அவருடைய இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்ற நம்பிக்கையும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை. நூல் முழுவதிலும் கடவுள் நேரில் வந்து பதில் சொல்வதே இல்லை.

சங்கீதங்களிலும் (கத்தோலிக்கர் வழக்கில் திருப்பாடல்கள்) இதே துணிச்சல். 150 சங்கீதங்களை வகைப்படுத்திய ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல், அவற்றில் தனிமனிதப் புலம்பல்களே மிகப் பெரிய தொகுதி என்று கண்டார். அவற்றுக்கு ஒரு பொது அமைப்பும் உண்டு: கடவுளை அழைத்தல், முறையீடு, வேண்டுதல், நம்பிக்கை, துதிப்பேன் என்ற வாக்கு. ஆறே வசனங்கள் கொண்ட 13ஆம் சங்கீதம் நல்ல எடுத்துக்காட்டு. முதல் இரு வசனங்களில், இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வி நான்கு முறை. கடைசி இரு வசனங்களில் மகிழ்ச்சிப் பாட்டு.

இந்தத் திருப்பம் எப்படி நேர்கிறது? ஆலயத்தில் புலம்பியவருக்கு ஆசாரியர் ஒருவர் ஆறுதல் வாக்குச் சொல்லியிருப்பார், அதன் பிறகே துதி எழுந்திருக்கும் என்று 1934இல் யோவாகிம் பெக்ரிக் விளக்கினார். பைபிளில், சீலோ ஆலயத்தில் அன்னாள் என்ற பெண் மனம் கசந்து அழுது, ஆசாரியர் ஏலியின் வாக்கைக் கேட்டு முகம் தெளிந்து போன காட்சி இதற்குப் பொருந்துகிறது. உள்ளதைக் கொட்டியதால் வந்த தெளிவே அது என்போரும் உண்டு. எல்லாப் புலம்பலும் இப்படித் திரும்புவதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் யாரும் நீக்கிவிடவில்லை. வழிபாட்டு நூலிலேயே வைத்துக் காத்தார்கள்.

குற்றமின்றித் துன்புற்ற யோபுவின் கதையில் தீர்ப்பே சொல்லப்பட்டுவிடுகிறது. கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை. கடவுளோடு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார் கடவுள். சிலுவையில் இயேசு உரத்த குரலில் சொன்னதாக மாற்கும் மத்தேயுவும் பதிவு செய்திருப்பதும் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம்தான். கைவிட்டதேன் என்று கேட்கும் ஒரு புலம்பல்.

எழுத்தையே பாடினார்கள்

எருசலேமில் மீண்டும் எழுப்பப்பட்டிருந்த இரண்டாம் ஆலயத்தை கி.பி. 70இல் ரோமர்கள் அழித்தார்கள். இரு அழிவுகளையும் சேர்த்து நினைக்க, யூதர்கள் தங்கள் நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாள் நோன்பிருந்து, தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமர்ந்து, மங்கிய ஒளியில் புலம்பலைப் பாடுகிறார்கள். எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்ற ஐயத்தோடு நூல் முடிவதால், எங்களைத் திருப்பிக்கொள்ளும் என்று வேண்டும் முந்தைய வசனத்தை இன்னொரு முறை பாடி நிறைவு செய்வது வழக்கம்.

கத்தோலிக்கத் திருச்சபை புனித வாரத்தில், மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்தபடி இந்நூலைப் பாடியது. பாட்டு லத்தீன் மொழியில். ஆனால் ஆலெஃப், பேத், கிமெல் என்ற எபிரெய எழுத்துப் பெயர்களை விடாமல் பாடினார்கள். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் டாலிஸும், 1714இல் பிரான்ஸின் பிரான்சுவா கூப்பரானும் அந்த எழுத்துப் பெயர்களுக்கே நெடிய, அழகிய இசை அமைத்தார்கள்.

இப்படிப் புலம்பும் மரபை இழப்பது சிறிய இழப்பு இல்லை. 1986இல் அமெரிக்கப் பழைய ஏற்பாட்டு அறிஞர் வால்டர் புரூகெமன் இதை ஒரு கட்டுரையில் எச்சரித்தார். துதிக்கு மட்டும் இடம் கொடுத்துப் புலம்பலை ஒதுக்கினால், கடவுளுக்கும் மனிதருக்கும் உள்ள உறவில் மனிதர் பக்கக் குரல் அடங்கிவிடும். நீதி எங்கே என்ற கேள்வியும் கூடவே அடங்கிவிடும் என்றார் அவர்.

அவர் சொன்னது சரி என்றே நானும் நம்புகிறேன். துயரத்தில் இருப்பவரிடம் அழாதே என்று சொல்லி வாயடைப்பது பைபிளின் வழி இல்லை. அது அவருக்குச் சொற்களையும் வரிசையையும் கொடுத்து, உன் வழக்கை முழுதாகச் சொல் என்று கடவுள் முன் நிறுத்துகிறது. ஆலயத்தில் ஜெபம் நடத்துகிறவர்கள் துதிப்பாட்டுகளோடு 88ஆம் சங்கீதத்துக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், 154 வசனங்களே உள்ள புலம்பல் நூலை ஒருமுறை ஒரே அமர்வில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.