கரவனின் நீளம்: பதிவு செய்யுமுன் அளந்து பார்ப்போம்

பாடசாலை விடுமுறை வந்தால் சிட்னி, மெல்பேர்ண் வாழ் எம்மவர் பலர் கரவனோடு புறப்படுகிறோம். முகாமில் இடம் பதிவு செய்யும்போது நீளம் கேட்பார்கள். அங்குதான் தவறுகிறோம்.

‘18 அடிக் கரவன்’ என்பது பெரும்பாலும் உடற்பகுதியை மட்டுமே குறிக்கும்; அது ஏறத்தாழ 5.5 மீற்றர். முன்னாலுள்ள இழுவைச் சட்டமும் பின்னாலுள்ள சைக்கிள் தாங்கியும் சேர்ந்தால் 7 மீற்றரைத் தாண்டிவிடும். ஆகவே கொழுவியின் நுனியிலிருந்து பின் விளிம்புவரை நாடா பிடித்து அளப்போம். சொல்லப்படும் எல்லைக்குள் காரும் அடங்குமா என்றும் கேட்போம். வீதியில் இரண்டும் சேர்ந்து 19 மீற்றர்வரை ஓடலாம். மரங்களுக்கு நடுவே அந்தக் கணக்குச் சரிவராது.

கோடையில் குலுக்கல் முறையில் இடம் கொடுக்கும் ரைடல் றிவர் போன்ற முகாமில் மாற்றிடம் இலேசில் கிடைக்காது. இருட்டியபின் அம்மம்மாவையும் பிள்ளைகளையும் காரில் வைத்துக்கொண்டு அலைவதைவிட, வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் அளப்பது மேல்.