தோட்டப்புற ஆவணத் தொகுப்பும் 'கிட்' கருவியின் அமைவுகளும்: பேராக் மாநிலத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பேராக் மாநிலத்தில் இரப்பரின் வரலாறு 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து தொடங்குகிறது. பின்னர் பல தலைமுறைத் தமிழர் இம்மாநிலத்தின் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்தனர். காலப்போக்கில் இரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கும் குடியிருப்புக்கும் மாறின. லயத்து வீடுகளில் வாழ்ந்தோர் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டங்கள் மறைந்தபின் எஞ்சியிருப்பவை பழைய நிழற்படங்கள், பள்ளிப் பதிவேடுகள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், முதியோரின் வாய்மொழிச் செய்திகள் ஆகியனவேயாம். இவற்றைத் திரட்டித் தட்டச்சு செய்து பாதுகாக்கும் பணி பெரும்பாலும் தமிழாசிரியர்களையும் மாணவர்களையும் சார்ந்தே அமைகிறது.

பலர் கூடித் தொகுக்கும் ஒரு பனுவலில் யார் எதை எழுதினார், யார் எதை எப்பொழுது திருத்தினார் என்னும் வினாக்கள் எழுவது இயல்பு. இவற்றுக்கு விடை தரும் கணினிக் கருவிகளைப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் என்பர். அவற்றுள் இன்று மிகப் பரவலாக வழங்குவது, 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' ஆகும். நிரலாளர்களுக்கென உருவான இக்கருவி, எளிய உரைக்கோப்புகளாகச் சேமிக்கப்படும் எவ்வகை எழுத்துக்கும் பயன்படும். ஆயின் அதன் அமைவுகளை முறையாக வகுத்துக்கொள்ளாவிடில், தமிழ்ப் பெயர்கள் எண்களாகத் தோன்றுவதும் ஒருவர் உழைப்பு மற்றொருவர் பெயரில் பதிவாவதும் நேரும். அவ்வமைவுகளைக் கட்டளை வரியின் வழியே மேலாளும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்குக் கட்டளைச் சொற்கள் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. கணினியில் உள்ளிடும்பொழுது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்தல் வேண்டும்.

1. அமைவின் அடுக்குகள்

'கிட் கான்ஃபிக்' என்னும் கட்டளையே அமைவுகளை எழுதவும் படிக்கவும் நீக்கவும் உதவுவது. அமைவுகள் மூன்று அடுக்குகளில் சேமிக்கப்படுகின்றன. முதலாவது 'சிஸ்டம்' அடுக்கு. இது கணினியின் பயனர் அனைவருக்கும் பொதுவானது. இரண்டாவது 'குளோபல்' அடுக்கு. கணினியில் ஒரு பயனர் கணக்கில் நுழைந்து செய்யும் பணி அனைத்துக்கும் இது பொருந்தும். மூன்றாவது 'லோக்கல்' அடுக்கு. குறிப்பிட்ட ஒரு களஞ்சியத்திற்கு, அதாவது கருவி கண்காணிக்கும் ஒரு கோப்புறைக்கு மட்டுமே உரியது. ஒரே அமைவு மூன்று அடுக்குகளிலும் இருப்பின், மிக நெருங்கிய 'லோக்கல்' அடுக்கில் உள்ளதே செல்லுபடியாகும். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் இலக்கண மரபை அறிந்த தமிழாசிரியர்க்கு இவ்வொழுங்கு புதியதன்று.

'கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஒரிஜின்' எனக் கட்டளையிட்டால், நடப்பிலுள்ள அமைவுகள் அனைத்தும், ஒவ்வொன்றும் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்னும் குறிப்புடன் பட்டியலிடப்படும். எதிர்பாராத விளைவு ஏதேனும் தோன்றின் முதலில் நோக்க வேண்டியது இப்பட்டியலே. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த 2.46ஆம் பதிப்பு முதல் 'லிஸ்ட்', 'கெட்', 'செட்', 'அன்செட்' என்னும் தெளிவான துணைக்கட்டளைகள் சேர்க்கப்பட்டுள்ளன. பழைய வடிவங்களும் தொடர்ந்து இயங்குகின்றன. பள்ளிக் கணினிகளில் பழைய பதிப்புகள் இருக்கக்கூடுமாதலின் இக்கட்டுரை பழைய வடிவங்களையே பயன்படுத்துகிறது.

2. பதிவாளரின் பெயர்

'கமிட்' எனப்படும் ஒவ்வொரு பதிவிலும் கருவி பெயர், மின்னஞ்சல் முகவரி, நேரம் ஆகியவற்றைச் சேர்த்துவிடுகிறது. பெயரை 'யூசர்.நேம்' என்னும் அமைவிலிருந்தும் முகவரியை 'யூசர்.ஈமெயில்' என்னும் அமைவிலிருந்தும் அது பெறுகிறது. பெயரைத் தமிழ் எழுத்துகளிலேயே அமைக்கலாம்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பெயரில் இடைவெளி இருப்பின் அதனை மேற்கோள்குறிகளுக்குள் தருதல் வேண்டும். தராவிடில், பழைய வடிவக் கட்டளை முதற்சொல்லை மட்டும் பெயராகக் கொண்டு, இரண்டாம் சொல்லைப் பழைய மதிப்பைத் தேடுவதற்கான குறிப்பாகக் கருதிவிடும். தன் பெயரையடுத்துத் தந்தை பெயரை எழுதும் நம் வழக்கில், தந்தை பெயர் எவ்வித எச்சரிக்கையுமின்றி விடுபட்டுப்போகும்.

இரண்டாவது, பொதுக் கணினியில் எழும் இடர்ப்பாடு. ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தில் மூன்று ஆசிரியர்கள் ஒரே பயனர் கணக்கைப் பயன்படுத்தித் தத்தம் தோட்டங்களின் வரலாற்றைத் தட்டச்சு செய்கின்றனர் எனக் கொள்வோம். முதலாமவர் 'குளோபல்' அடுக்கில் தம் பெயரை அமைத்துவிட்டால், மற்ற இருவரின் பணியும் அவர் பெயரிலேயே பதிவாகும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஓராண்டு கழித்து நோக்கும் ஆய்வாளர், முழுத் தொகுப்பையும் ஒருவரே செய்தார் என்று முடிவு கட்டுவார்.

இதனைத் தவிர்க்க, முதலில் 'கிட் கான்ஃபிக் --குளோபல் --அன்செட் யூசர்.நேம்' எனக் கட்டளையிட்டுப் பொதுப்பெயரை நீக்குதல் வேண்டும். முகவரிக்கும் அவ்வாறே செய்தல் வேண்டும். அடுத்து 'யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி' என்னும் அமைவைக் 'குளோபல்' அடுக்கில் 'ட்ரூ' என அமைத்தல் வேண்டும். இதன்பின், பெயரும் முகவரியும் வெளிப்படையாக அமைக்கப்படாத களஞ்சியத்தில் பதிவு செய்யக் கருவி மறுத்துவிடும். கணினியின் பெயரைக்கொண்டு தானாக ஊகிக்காது. பின்னர் ஒவ்வோர் ஆசிரியரும் தமக்கெனத் தனி நகல் வைத்துக்கொண்டு, அதில் 'லோக்கல்' அடுக்கில் தம் பெயரையும் முகவரியையும் அமைத்துக்கொள்ளலாம். கணினியில் தனித்தனிப் பயனர் கணக்குகள் உருவாக்க இயலுமாயின் அதுவே சிறந்தது.

பெயரமைவை மாற்றினால் அது இனிவரும் பதிவுகளுக்கே பொருந்தும் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். பதிவின் அடையாள எண் அதிலுள்ள பெயரையும் உள்ளடக்கிக் கணிக்கப்படுவதால், பழைய பதிவின் பெயரை மாற்றுவது வரலாற்றையே திரும்ப எழுதுவதாகும். மேலும், முகவரி ஒவ்வொரு நகலிலும் சென்றுசேரும். ஆதலின் சொந்த முகவரியை விடுத்துப் பணிக்குரிய முகவரியை அமைப்பது நன்று.

வாய்மொழிச் செய்தி தந்த முதியவரின் இடம் யாது என்னும் வினாவும் எழலாம். 'யூசர்.நேம்' தட்டச்சு செய்தவரையே குறிக்கும். செய்தி தந்தவர் பெயர், அவர் இசைவு தந்திருப்பின், கோப்பின் தலைப்பகுதியில் இடம்பெறுதல் வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் ஏட்டுச்சுவடி தந்துதவியோரைப் பெயர்சுட்டிக் குறித்தார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலும் தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்கள் குறிக்கப்படுகின்றன. அம்மரபு கருவி மாறியதால் கைவிடத்தக்கதன்று.

3. எண்களாகத் தோன்றும் கோப்புப் பெயர்கள்

'தோட்டம்' எனப் பெயரிட்ட ஒரு கோப்பின் நிலையை அறியக் 'கிட் ஸ்டேட்டஸ்' எனக் கட்டளையிட்டால், திரையில் அப்பெயர் தோன்றாது. சாய்கோடுகளும் 340, 256, 244 போன்ற எண்களுமே வரிசையாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது எனப் பலர் அஞ்சுவர். உண்மையில் கோப்புக்கு ஊறு எதுவும் நேரவில்லை.

யுனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'தோட்டம்' என்னும் சொல்லில் 7 குறியீடுகள் உள்ளன. ஆக 21 பைட்டுகள். ஆங்கிலம் அல்லாத பைட் ஒவ்வொன்றையும் ஒரு சாய்கோடும் மூன்று எண்ணிலக்க எண்ணுமாக எழுதிக்காட்டுவது கருவியின் இயல்பான நடைமுறை. இதனால் நான்கு எழுத்துகளாலான ஒரு சொல் திரையில் 84 குறிகளாக நீள்கிறது. இதற்குரிய அமைவு 'கோர்.குவோட்பாத்' என்பதாகும். 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்' என ஒருமுறை கட்டளையிட்டால் தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே தோன்றும். இவ்வொரு வரியை அறியாமையால் தமிழில் கோப்புப் பெயரிடுவதையே கைவிட்டு, தோட்டங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதுவது தேவையற்ற இழப்பாகும். தோட்டத்திற்கு நிருவாகம் இட்ட பெயர் ஒன்றாகவும் மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயர் வேறாகவும் இருந்த இடங்களில் இவ்விழப்பு மேலும் பெரிது.

4. 'ஈப்போ'வும் ஓகாரமும்

மற்றொரு சிக்கல் கண்ணுக்குப் புலப்படாதது. யுனிகோடில் ஓகார உயிர்மெய்க் குறியை இரு வகையில் எழுதலாம்: ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இஃது ஒக்கும். 'பேராக்' என்னும் பெயரில் இச்சிக்கல் இல்லை. 'ஈப்போ' என்னும் பெயரில் உண்டு. 'தோட்டம்' என்னும் சொல்லிலும் உண்டு.

மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளோ தட்டச்சு செய்யப்பட்ட வடிவை அவ்வாறே காத்தன. எனவே ஒருவர் விண்டோசில் உருவாக்கிய 'ஈப்போ' கோப்பும், மற்றவர் மேக்கில் உருவாக்கிய 'ஈப்போ' கோப்பும் தோற்றத்தில் ஒன்றாயினும் கருவிக்கு இருவேறு கோப்புகளாகலாம். மேக் பயனர்கள் 'கோர்.பிரிகம்போஸ்யூனிகோட்' என்னும் அமைவை 'ட்ரூ' என வைத்துக்கொண்டால், கருவி பெயர்களைச் சேர்த்த வடிவிற்கு மாற்றிப் பதியும். இவ்வமைவு கோப்புப் பெயர்களுக்கு மட்டுமே உரியது. கோப்பினுள் இருக்கும் எழுத்துகளை அது தொடாது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

5. நகலோடு வருவனவும் வாராதனவும்

ஒரு களஞ்சியத்தைக் 'குளோன்' கட்டளையால் நகலெடுக்கும்பொழுது கோப்புகளும் அவற்றின் முழு வரலாறும் வந்துசேரும். ஆனால் மேற்கூறிய மூன்று அடுக்குகளிலுள்ள எந்த அமைவும் வாராது. ஈப்போவிலுள்ள ஆசிரியர் செம்மையாக அமைத்தவை தெலுக் இந்தானிலுள்ள ஆசிரியருக்குச் சென்றுசேர்வதில்லை. பிறர் அனுப்பும் களஞ்சியம் நம் கணினியின் நடத்தையை மாற்றிவிடாதிருக்க இது ஒரு பாதுகாப்பும் ஆகும்.

அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டியவற்றைக் களஞ்சியத்திற்குள்ளேயே சாதாரணக் கோப்புகளாக வைத்தல் வேண்டும். அவ்வகையில் இரு கோப்புகள் பயன்படுகின்றன. புள்ளியில் தொடங்கும் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' என்னும் கோப்பு, உரைக்கோப்புகள் எவை, அவற்றின் வரியிறுதிக் குறிகளை எவ்வாறு கையாளல் வேண்டும் என்பவற்றை வரையறுக்கும். விண்டோசும் பிற முறைமைகளும் வரியிறுதியை வெவ்வேறாகக் குறிப்பதால், ஒரு சொல்லைத் திருத்தியவர் கோப்பு முழுவதையும் திருத்தியவராகத் தோன்றும் நிலையை இது தவிர்க்கும். அவ்வாறே புள்ளியில் தொடங்கும் 'மெயில்மேப்' என்னும் கோப்பு, ஒருவர் பெயர் பல எழுத்து வடிவங்களில் பதிவாகியிருப்பின் அவற்றை ஒரே பெயராகக் காட்டும். முன்பதிவுகளை மாற்றாமலே பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க இஃது ஏற்ற வழியாகும்.

விரலி எனப்படும் யுஎஸ்பி சேமிப்பானில் களஞ்சியத்தை எடுத்துச்செல்வோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 2022 முதல், கோப்புறையின் உரிமையாளர் வேறொருவர் எனத் தோன்றினால் கருவி இயங்க மறுக்கிறது. அக்கோப்புறையின் முகவரியைச் 'சேஃப்.டைரக்டரி' என்னும் அமைவில் சேர்த்தால் தடை நீங்கும். இதனைக் 'குளோபல்' அல்லது 'சிஸ்டம்' அடுக்கில்தான் அமைத்தல் வேண்டும். 'லோக்கல்' அடுக்கில் எழுதினால் கருவி பொருட்படுத்தாது. சோம்பல் கருதி எல்லாக் கோப்புறைகளையும் நம்பத்தக்கவை எனக் குறிக்கும் விண்மீன் குறியை இடுவது தவறான வழக்கமாகும்.

6. நடைமுறைக்குரிய ஒழுங்கு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தொகுப்புப் பணி தொடங்குமுன் ஆசிரியர் செய்யத்தக்கவை பின்வருமாறு அமையும். களஞ்சியத்தின் முகப்பில் 'படிக்க' என்னும் ஓர் உரைக்கோப்பை வைத்து, அதில் ஒவ்வொருவரும் தம் கணினியில் இட வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதுதல். பதிவாளர் பெயரின் எழுத்து வடிவை முன்கூட்டியே முடிவு செய்தல். ஊர்ப்பெயர்களின் எழுத்துமுறையையும் வகுத்தல். தெலுக் ஆன்சன் என வழங்கிய நகரம் 1982இல் தெலுக் இந்தான் எனப் பெயர் மாறியது. பழைய ஆவணத்தில் பழைய பெயரையே காத்து, கோப்புப் பெயரில் இன்றைய பெயரை ஆளலாம். இவ்வகை முடிவுகளைக் கருவி செய்துதராது. மனிதர் செய்த முடிவைப் பிறழாது காப்பதே அதன் பணி. இறுதியாக, முதற்பதிவு செய்யுமுன் ஒவ்வொருவரும் அமைவுப் பட்டியலை வெளியிட்டுத் தம் பெயர் உள்ளதா எனச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

முடிவுரை

அமைவு என்பது தொழில்நுட்பர் கவனிக்க வேண்டிய சிறுசெய்தி எனக் கருதுவது இயல்பு. ஆயின், யார் பெயர் நிற்கும், ஊர்ப்பெயர் எந்த எழுத்தில் தோன்றும், திருத்தம் எவர் கணக்கில் சேரும் என்பவற்றை முடிவு செய்வது அவ்வமைவே. தோட்டங்களில் உழைத்த பலர் நிருவாகப் பதிவேடுகளில் பெயரளவிலேயே இடம்பெற்றனர். அவர்தம் வரலாற்றைத் தொகுக்கும் பணியிலும் பெயர்கள் பிழைபட்டுப்போக விடுதல் தகாது. சில வரிக் கட்டளைகளால் தவிர்க்கத்தக்க பிழை அது. அவற்றைக் கற்றுத்தருவதும் தமிழாசிரியர் பணியின் ஒரு கூறே எனலாம்.