புடவை வீடியோவில் நிறம் மாறுகிறதா? முதலில் லைட்டை அணையுங்கள்!

எங்கள் மாடி போர்ஷனில் இருக்கும் அக்கா வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறார். போன தீபாவளிக்கு முன்பு ஒரே வாரத்தில் மூன்று புடவைகள் திரும்பி வந்துவிட்டன. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே புகார்தான். “வீடியோவுல நீலமா தெரிஞ்சுது, பிரிச்சுப் பார்த்தா கத்தரிப்பூ கலர்ல இருக்கு.” போக, வர கூரியர் செலவு அக்கா தலையில். புடவைக்கு அவருக்கு நிற்கிற லாபமே அவ்வளவுதான்.

“போன் பழசாயிடுச்சு போல. புதுசு வாங்கிடட்டுமா, நீயே சொல்லேன்?” என்று என்னிடம் வந்து கேட்டார். கல்யாண வீடியோ எடிட் செய்பவள் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு வரும். அப்போது அவர் பார்த்துவைத்திருந்த போனின் விலை, இரண்டு மாத வீட்டு வாடகை.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். போனில் ஒரு குறையும் இல்லை. உத்தரத்தில் வெள்ளை டியூப் லைட், சுவரில் மஞ்சள் பல்பு, எதிரே புதிதாக வாங்கிய ரிங் லைட் என மூன்றும் ஒரே நேரத்தில் எரிந்தன. நம் கண் இதையெல்லாம் சமாளித்துவிடும். போன் பாவம், எந்த வெளிச்சத்தை ‘வெள்ளை’ என்று எடுத்துக்கொள்வது என்று குழம்பிவிடும். பல்பு பெட்டியில் 2700K, 3000K என்றிருந்தால் மஞ்சள் வெளிச்சம். 6500K என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. இரண்டையும் கலந்தால் புடவையின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம்.

அதனால் முதல் வேலையாக எல்லா லைட்டையும் அணைக்கச் சொன்னேன். “இருட்டாயிடாதா?” என்றார். காலை பத்து மணி, ஜன்னல் திறந்திருந்தது. அது போதும்.

நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பாருங்கள். வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடலாம். பூப்போட்ட கலர் கர்ட்டன் வேண்டாம், அதன் நிறம் புடவை மேல் விழும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் கறுத்துவிடும். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். மறுபக்கம் நிழல் விழுகிறதே என்றால், அங்கே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். சினிமா படப்பிடிப்பிலும் இதே தெர்மாகோல்தான்! அக்கா வீட்டுச் சுவர் கிளிப்பச்சை. பக்கத்தில் நின்றால் அந்தப் பச்சை கன்னத்திலேயே தெரிந்தது. அதனால் சுவரைவிட்டு நான்கடி தள்ளி நிற்கவைத்தேன்.

பகல் பிரச்னை இதோடு தீர்ந்தது. ஆனால், அக்காவின் வாடிக்கையாளர்கள் சமையல் முடித்துப் போனைக் கையில் எடுப்பது ராத்திரி எட்டரைக்கு. லைவ் அப்போதுதான் போகவேண்டும்.

அதற்கு எலெக்ட்ரிகல் கடையில் 20 வாட்ஸ் எல்.இ.டி. பேட்டன் லைட் ஒன்று வாங்கினோம். சில நூறு ரூபாய்தான். பெட்டியில் ‘சி.ஆர்.ஐ.’ என்று ஒரு எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு. சூரிய ஒளிக்கு 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80 சுமார். 90-க்கு மேல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். மலிவு எல்.இ.டி.களில் சிவப்பு குறைவு. சிவப்பு குறைந்தால் கத்தரிப்பூ நீலமாகிவிடும், அரக்கு மங்கிவிடும். அக்காவின் மூன்று புடவைகள் திரும்பி வந்த கதை இதுதான்.

லைட்டைப் புடவை மேல் நேராக அடிக்கக் கூடாது. எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் நிற்கவேண்டும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1956-ல் வெளிவந்த சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’வில், காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட் போட்டு எடுத்தார்கள். திறந்த முற்றத்தில் விழும் வானத்து வெளிச்சம் வேண்டுமே! ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். பரந்த இடத்திலிருந்து வரும் வெளிச்சத்துக்கு நிழல் மெத்தென்று விழும். ஜரிகையும் கண்ணைப் பறிக்காமல் மின்னும்.

துணி தள்ளிப் போகப் போக வெளிச்சம் மளமளவென்று குறையும். விளக்கு ஒன்றின் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும் என்பது கணக்கு. ஆகவே, இன்னொரு லைட் வாங்குவதற்கு முன் இருப்பதைக் கிட்டே நகர்த்திப் பாருங்கள்.

வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடினால் பயப்படாதீர்கள். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மினுக்கும். போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டர் ஸ்பீடை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், கோடுகள் பெரும்பாலும் போய்விடும். அதே இடத்தில் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவிலிருந்து எடுத்து, ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, அது வெள்ளையாகத் தெரிகிற அளவில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு புடவைக்கும் போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் ராத்திரி வெளிச்சம் பகல் வெளிச்சம் ஆகாது. வாங்குகிறவர் போன் திரையும் ஆளுக்கு ஒரு மாதிரி. அதனால் அக்கா இப்போது பகலிலேயே ஒவ்வொரு புடவையையும் ஜன்னலோரம் பத்து விநாடி எடுத்து வைத்துக்கொள்கிறார். லைவில் யாராவது கேட்டால், பணம் அனுப்பும் முன் அந்த வீடியோ அவர்களுக்குப் போய்விடும். “இது ராமர் பச்சை இல்லைங்க, மயில் கழுத்து” என்று வாயாலும் சொல்லிவிடுகிறார். பொங்கலுக்கு ஒரே ஒரு புடவைதான் திரும்பி வந்தது. அதுவும் நிறத்துக்காக இல்லை, பிளவுஸ் பிட் சின்னதாம்.

ரிங் லைட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஊசியில் நூல் கோக்க சௌகரியமாக இருக்கிறதாம்.