சர்க்கரைக்கொல்லியின் சாட்சி

"டீயில் சர்க்கரைக்குப் பதில் சீனித்துளசித் தூள் போடுகிறேன். செடியிலிருந்து வருவதுதானே, பயமில்லையே?" என்று கேட்டிருக்கிறார் குன்னூர் வாசகி ஒருவர். கரும்பும் செடிதான், அரளியும் செடிதான். இயற்கை என்ற சொல்லை மட்டும் நம்பி எதையும் வாயில் போடக்கூடாது.

சீனித்துளசியைப் புரிந்துகொள்ள வேறொரு இலை உதவும். அது சிறுகுறிஞ்சான், சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இரண்டு இலையை மென்றபின் சர்க்கரையைப் போட்டால் வாயில் மணல்போல் நெரிபடும். சீனித்துளசித் தூளும் இனிக்காது. நாக்கு பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரமாவது ஆகும்.

நாக்கில் இனிப்புக்கென இருப்பது ஒரே ஏற்பி. அதை வீட்டு வாசலின் காலிங் பெல் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை, மூட்டை முடிச்சோடு வந்து பெல் அடித்து, உள்ளே தங்கியும்விடும் உறவினர். சீனித்துளசியின் ஸ்டீவியோசைடு வெறுங்கையோடு வந்து அதே பெல்லை 200, 300 மடங்கு பலமாக அடிக்கிறது. விரல் பெரிது, பக்கத்து வீட்டுக் கசப்பு பெல்லிலும் படுகிறது. நாக்கில் கடைசியில் தங்கும் கசப்பு அதுதான். சிறுகுறிஞ்சானின் ஜிம்னீமிக் அமிலமோ பொத்தானைத் தொடுவதில்லை. சுவருக்குள் ஓடும் வயரைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது, செல் சவ்வில் புதைந்திருக்கும் ஏற்பியின் பகுதியை. பிறகு யார் அழுத்தினாலும் பெல் ஒலிக்காது. எலி வீட்டு வயரிங் வேறு. அங்கே இந்த அமிலம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

இந்த அமிலத்தைப் பிரித்துப் பெயரிட்டவர் ஊட்டியில் வேலை பார்த்த டேவிட் ஹூப்பர். சிங்கோனா பட்டையிலிருந்து கொய்னா எடுப்பதை ஆராய்ந்த அரசு வேதியியலர். 1887-ல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்.

இனி வாசகிக்கு. இந்தியாவில் 2015-ல் அனுமதி கிடைத்தது இலையிலிருந்து சுத்திகரித்தெடுத்த, ஸ்டீவியோசைடு போன்ற ஸ்டீவியால் கிளைக்கோசைடுகளுக்கு. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் (ஸ்டீவியால் கணக்கில்) என்பது சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரம்பு. டீக்குப் போடும் சிட்டிகை அதற்குள் அடங்கும். இளைத்துவிடலாம் என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம்: எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாடாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது; அந்தப் பட்டியலில் சீனித்துளசியும் உண்டு. பாக்கெட்டின் பின்புறத்தையும் படியுங்கள். அளவைக் கூட்ட டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருந்தால், வெறுங்கை விருந்தாளி மூட்டையோடு வந்திருக்கிறார் என்று பொருள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சிறுகுறிஞ்சான் பொடியைத் தொடவேண்டாம். ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும்.