முழங்கால் தாங்கும்வரைதான் இந்த ஓட்டம்

2024 நவம்பர் 3, பிலடெல்பியா மைதானம். சாக்வான் பார்க்லி ஒரு குட்டிப் பாஸைப் பிடிக்கிறார். பாய்ந்து வந்த முதல் ஆளை ஒரே வெட்டில் கடக்கிறார். அடுத்தவரிடமிருந்து சுழன்று நழுவுகிறார். சுழன்ற வேகத்தில் முதுகு எதிராளிகள் பக்கம் திரும்பிவிட்டது. மூன்றாவது ஆள் காலை வாரக் குனிந்து வருகிறார். பார்க்லி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு காட்டியபடியே எம்பி, அவர் தலைக்கு மேலாகத் தாண்டி, இரண்டு காலில் இறங்கினார். அந்த வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும், பின்னால் வந்தவர் இவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தார் என்பது பிடிபடாது.

அமெரிக்கன் ஃபுட்பாலில் போஸ்டரும் விளம்பரமும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு. ஆனால் நாற்காலி நுனிக்கு நம்மை இழுத்து வருபவர் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்தான். நம்மூர்க் கபடியில் பாடிப் போகிறவரைப் போல, ஒற்றை ஆள் ஒரு கூட்டத்துக்குள் நுழைகிறார். இங்கே பிடிபட்டால் வெளியே போய் உட்கார முடியாது. எழுந்து, அடுத்த நிமிடமே மறுபடி அதே கூட்டத்துக்குள் போகவேண்டும்.

யாரைப் பார்க்கலாம்? முதலில் பார்க்லி. 2024 சீசனில் 2,005 கெஜம் ஓடினார். பிளே ஆஃப் ஆட்டங்களையும் சேர்த்தால் 2,504. ஒரே சீசனில் அதற்கு முன் யாரும் அவ்வளவு ஓடியதில்லை. சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கிய நாளில் அவருக்கு 28-வது பிறந்தநாள்.

அடுத்தவர் டெரிக் ஹென்றி. ஆறடிக்கு மேல் உயரம், 110 கிலோவுக்கு மேல் எடை. 2018 டிசம்பரில் ஜாக்சன்வில் அணிக்கு எதிராகத் தன் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் தொடங்கிய ஆட்டத்தில் பந்தை வாங்கினார். மறித்தவர்களை ஒற்றைக் கையால் நெட்டித் தள்ளிக்கொண்டு 99 கெஜமும் ஓடி முடித்தார். அதற்கு மேல் ஓட மைதானத்தில் இடமில்லை.

இளையவர்களில் டெட்ராய்ட்டின் ஜமீர் கிப்ஸ், அட்லாண்டாவின் பிஜான் ராபின்சன். இருவரும் 2002-ல் பிறந்தவர்கள், 2023-ல் தொழில்முறை லீக்குக்குள் வந்தவர்கள். கிப்ஸுக்கு ஒரு சிறு சந்து திறந்தால் போதும், மறுகணம் ஆளைக் காணோம். அடுத்த ஆண்டே 20 டச்டவுன் எடுத்தார். ராபின்சன் ஓடும்போது சட்டென்று நின்று, எதிராளி தடுமாறும் நொடியில் வேறு பக்கம் போய்விடுவார். லாஸ் வேகாஸில் ஆஷ்டன் ஜென்டி. 2024-ல் பாய்ஸி ஸ்டேட் கல்லூரிக்காக 2,601 கெஜம் ஓடினார். 1988-ல் பேரி சாண்டர்ஸ் வைத்த கல்லூரிச் சாதனையை எட்ட இன்னும் 27 கெஜம்தான் வேண்டியிருந்தது.

பட்டியலை இதோடு முடித்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. ஜென்டி அந்த ஒரே சீசனில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது 374 முறை. ஏறக்குறைய ஒவ்வொரு ஓட்டமும் யாரோ மேலே வந்து விழுவதில்தான் முடியும். சம்பளக்காரராக முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே அந்தக் கால்கள் இத்தனையையும் வாங்கிவிட்டன.

முழுவேகத்தில் ஓடுகிறவர் ஒரு காலை ஊன்றித் திசை மாற்றும்போது உடம்பின் மொத்த பாரமும் முழங்காலில் இறங்குகிறது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்திருப்பது மூட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு தசைநார். நாம் கைதட்டும் அந்த வெட்டுத்தான் அதை அறுத்துவிடக் கூடியதும். டெர்ரல் டேவிஸ் 1998-ல் 2,008 கெஜம் ஓடினார். அடுத்த ஆண்டு நான்காவது ஆட்டத்தில் முழங்கால் போனது. அப்போது வயது 26. பழைய டேவிஸை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. டாட் கர்லி 2017-ன் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். 2020 சீசனோடு, அதே 26 வயதில், அவர் ஆட்டமும் முடிந்தது. 2023-ல் அந்த விருதை வாங்கிய கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அடுத்த சீசனில் காயங்களால் நான்கே ஆட்டங்கள்தான் ஆடினார்.

இந்த வயதுக் கணக்கைச் சம்பளக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதியவர்களை எடுக்கும் தேர்வில் வரும் வீரருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றில் வந்தவரென்றால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் உண்டு. அதன் பிறகும் 'ஃப்ரான்சைஸ் டேக்' போட்டு மேலும் ஓராண்டு நிறுத்திவைக்கலாம். 2023-ல் அந்த டேக்கின் மதிப்பு குவார்ட்டர்பேக்குக்கு 3.2 கோடி டாலர், ரன்னிங் பேக்குக்குச் சுமார் 1 கோடி டாலர். விலை பேச வாய் திறக்கும் நேரத்தில் 26, 27 வயதாகிவிடுகிறது. "தேய்ந்த கால்" என்று அப்போது பேரம் பேசுகிறார்கள். அந்தக் கால் தேய்ந்தது யாருக்காக ஓடி?

பந்தை எறிந்தால் ஓடுவதைவிட அதிக தூரம் கிடைக்கும், ஓடுகிறவருக்கு மாற்றாள் கிடைப்பது எளிது என்று அணி நிர்வாகிகள் சொல்வதுண்டு. அந்தக் கணக்கை நம்பித்தானோ என்னவோ, 2013, 2014 இரண்டு ஆண்டுகளும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை.

பார்க்லிக்கு 2025 மார்ச்சில் இரண்டு ஆண்டுக்கு 4.12 கோடி டாலர் கிடைத்தது. ஹென்றி 30 வயதிலும் 1,921 கெஜம் ஓடினார். இரண்டும் மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் தப்பிப் பிழைத்த இரண்டு பேரைக் காட்டி, விழுந்த கூட்டத்தை மறைக்கக் கூடாது. ஹென்றியைப் போன்ற உடம்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

செய்யவேண்டியது பெரிய வித்தையல்ல. ரன்னிங் பேக்குகளின் முதல் ஒப்பந்தத்தை மூன்று ஆண்டாகக் குறைக்கலாம். பந்தைத் தூக்கி ஓடும் எண்ணிக்கைக்கேற்ப, ஓடிய அந்த ஆண்டிலேயே கூடுதல் தொகை கையில் சேரும்படி செய்யலாம். லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2030 சீசன்வரை ஓடும். புது ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது ஜென்டிக்கு 27 வயது, டேவிஸும் கர்லியும் முடிந்துபோன வயதைத் தாண்டியிருப்பார். அவருக்கு அது உதவாமல் போகலாம். இன்று பள்ளி மைதானங்களில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் பையன்களுக்காவது, கால் நன்றாக இருக்கும்போதே அதற்கான கூலி கிடைக்கட்டும்.