நத்தார் மரம்: தீவகத்துக்கு ஒரு வரவு செலவு

ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ ஒரு வீட்டில் நத்தார் மரம் வைப்பதற்கு மூன்று வழி உண்டு: யாழ்ப்பாணக் கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் மரம், நுவரெலியாப் பக்கத்துச் சைப்பிரஸ், நம் கரையில் வளரும் சவுக்கு. எது நல்லது என்பதைக் கணக்கே சொல்லட்டும்.

காபன் கணக்கு

2 மீற்றர் மரம் ஒன்றுக்குப் பிரித்தானியாவின் காபன் ட்ரஸ்ட் தரும் காபனீரொட்சைட்டு அளவு:

- பிளாஸ்ரிக் மரம்: ஏறத்தாழ 40 கிலோ
- வெட்டிய மரம், குப்பைமேட்டில் புதைந்தால்: 16 கிலோ
- வெட்டிய மரம், எரித்தால் அல்லது தூளாக்கி மண்ணில் இட்டால்: 3.5 கிலோ

40ஐ 3.5ஆல் பிரித்தால் 11.4. அதாவது, வாங்கிய பிளாஸ்ரிக் மரத்தை 12 நத்தாருக்கு வைத்தால்தான் நட்டமில்லை. மொன்றியலில் 2009இல் வெளியான எலிப்சோஸ் நிறுவனத்தின் ஆய்வு இன்னும் கண்டிப்பானது: 20 ஆண்டு வேண்டும் என்றது. ஆனால் வெட்டிய மரத்தைக் குப்பைமேட்டுக்கு அனுப்பும் வீட்டோடு ஒப்பிட்டால் 3ஆவது நத்தாரிலேயே பிளாஸ்ரிக் முந்திவிடும். காற்றுப் புகாமல் மக்கும் மரம் மெதேன் வாயுவை விடுவதே காரணம். தீவகத்தில் இன்னும் அடுப்பு உண்டு; சவுக்கோ முதல்தர விறகு. மூன்று இராசாக்கள் திருநாள் முடிய அது அடுப்புக்குப் போனால் 3.5 கிலோக் கணக்கே பொருந்தும்.

காசுக் கணக்கு

பிளாஸ்ரிக் மரம் 12,000 ரூபா என்றும், சவுக்குக் கிளைக்கு வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி சேர்த்து 1,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம்.

- பிளாஸ்ரிக், 4 ஆண்டு பாவித்தால்: ஆண்டுக்கு 3,000 ரூபா
- பிளாஸ்ரிக், 12 ஆண்டு பாவித்தால்: ஆண்டுக்கு 1,000 ரூபா
- சவுக்கு: ஆண்டுக்கு 1,000 ரூபா

உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், முறை இதுதான். உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது பிளாஸ்ரிக் மரத்தின் இரும்புக் கால்தான். மூட்டுகளுக்கு எண்ணெய் பூசி, சுற்றிக் கட்டிப் பரணில் வைத்தால் 12 ஆண்டு என்பது எட்டக்கூடியதே. சைப்பிரஸ் 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வர வேண்டும்; நெடுந்தீவு என்றால் பின் படகும் ஏற வேண்டும். தீவகத்துக்கு அது கட்டாது.

மின்குமிழ்க் கணக்கு

பலரும் பார்க்காத செலவு இது. 100 குமிழ் கொண்ட பழைய இழைக்குமிழ் மாலை ஏறத்தாழ 40 வாற்று, எல்.ஈ.டி. மாலை 6 வாற்று. இரவுக்கு 6 மணித்தியாலமாக 30 இரவு எரிந்தால்:

- பழைய மாலை: 7.2 அலகு
- எல்.ஈ.டி.: 1.08 அலகு

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் நீண்டகாலமாக டீசல் பிறப்பாக்கிதான் மின்சாரம் தந்தது. அந்த டீசலும் கடல் தாண்டியே வர வேண்டும். அலகுக்கு 0.3 லீற்றர் என்றால் பழைய மாலைக்கு 2.16 லீற்றர். லீற்றருக்கு 2.7 கிலோவாக, 5.8 கிலோ காபனீரொட்சைட்டு. எரிக்கப்படும் மரத்தின் 3.5 கிலோவைவிட இது கூட! எல்.ஈ.டி. மாலைக்கு 0.9 கிலோவே. 2022இல் உடன்பாடான இந்திய நன்கொடைத் திட்டத்தின் சூரிய, காற்று மின்சாரம் டீசலின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு இந்தக் கணக்கு இறங்கும்.

சவுக்கை வெட்டும் விதம்

குளிர்நாட்டு மரம் ஓர் ஆள் உயரம் வளர 7 ஆண்டுக்கு மேல் எடுக்கும். சவுக்கு இரண்டே ஆண்டில் அந்த உயரத்தைத் தொடும். ஆனால் அடியோடு தறித்தால் அது நன்றாகத் தழைக்காது. பக்கக் கிளையை மட்டும், அதுவும் சொந்தக் காணியில், வெட்டுங்கள். கடற்கரைச் சவுக்கு காற்றையும் மணலையும் மறிக்கும் வேலி. காரைநகர் கசூரினாக் கரையில் கை வைக்க வேண்டாம். கிளையை ஈரமணல் நிரப்பிய வாளியில் நடுங்கள். காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றும் என்பதால் அதில் சூடேறும் பழைய குமிழ் தொங்கவே கூடாது.

முடிவு

வீட்டில் பிளாஸ்ரிக் மரம் இருந்தால் 12 ஆண்டு கடக்கும்வரை அதையே சோடியுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வாங்காதீர்கள்; சவுக்குக் கிளை போதும். எந்த மரமானாலும் இந்த ஆண்டு முதலில் மாற்ற வேண்டியது குமிழ் மாலையை. அடுத்த மழைக்கு வேலியோரம் ஒரு சவுக்குக் கன்றும் நட்டுவிடுங்கள்.