இயங்குதள மாற்றமும் தமிழ் ஆவணங்களும்: வாலாஜாபாத் வட்டாரத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், லினக்ஸ், பாஸ், ஒருங்குறி, எழுத்துருக் குறியாக்கம்.

முன்னுரை

வாலாஜாபாத், திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தை அடுத்துள்ள ஊராகும். டெல் நிறுவனத்தின் கணினி ஆலை 2007இல் இத்தடத்தில்தான் தொடங்கப்பெற்றது. கணினி உருவாகும் இவ்வட்டாரத்திலும் அதனை இயக்கும் மென்பொருள் வெளியிலிருந்தே வருகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியைக் கோருவதால், நல்ல நிலையிலுள்ள பழைய கணினிகள் பலவும் அதற்குத் தகுதி பெறுவதில்லை. இந்நிலையில் லினக்ஸுக்கு மாறுவோர் எதிர்கொள்ளும் மொழிசார் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழக முயற்சி

சி–டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், வாலாஜாபாத் உள்ளிட்ட ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்க்கும் விண்டோஸும் பாஸும் ஒருங்கே நிறுவப்பெற்ற கணினிகள் கிடைத்தன. ஆயின் இரண்டையும் அருகருகே வைத்துத் தெரிவைப் பழக்கத்திடம் விட்டால் பழக்கமே வெல்லும். கேரளம் பாடநூலையும் ஆசிரியர் பயிற்சியையும் கட்டற்ற மென்பொருளின்மீதே அமைத்தது. அம்மாற்றம் நிலைத்தமைக்கு அதுவே காரணம் எனலாம்.

குறியாக்கச் சிக்கல்

தமிழ்த் துறைகளில் மாற்றத்தைத் தடுப்பது பெரும்பாலும் இயங்குதளம் அன்று, பழைய கோப்புகளே. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேட்டில் தமிழ் எழுத்துகள் சேமிக்கப்பெறுவதில்லை. உரோம எழுத்துகளே தமிழ் வடிவம் பூண்டு தோன்றுகின்றன. ‘தமிழ்’ என்னும் சொல் அங்கு ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே உள்ளது. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் இக்குறிகளே எஞ்சும். பழியோ லினக்ஸின்மீது விழுகிறது.

எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவிப் படிக்கலாம் என்பது உண்மையே. எனினும் சொல்லை ஒருங்குறித் தமிழில் தேடவோ, முறையாக அகரவரிசைப்படுத்தவோ, சொல்லடைவு உருவாக்கவோ இயலாது. அவை விண்டோஸிலும் இயலாதனவாகவே இருந்தன. அங்கு எழுத்துரு முன்னரே நிறுவப்பட்டிருந்ததால் குறை மறைந்திருந்தது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பின்னரும் பழைய எழுத்துருக்கள் வழக்கொழியவில்லை.

ஆதலின் மாற்றத்திற்கு முன்னரே கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். மாற்றியபின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் ஒகர, ஓகார உயிர்மெய்களையும், இடையே வரும் ஆங்கில மேற்கோள்களையும் கண்ணால் சரிபார்த்தல் இன்றியமையாதது. ஆங்கிலப் பகுதிகளையும் மாற்றி தமிழ் எனக் கொண்டு சிதைத்துவிடும். தட்டச்சுக்குத் தடையில்லை. 1999இல் தரப்படுத்தப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை, லினக்ஸில் ஐபஸ் வழியாகக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மூலக் கோப்பின் படியொன்றையும் அதற்குரிய எழுத்துருவையும் அழிக்காமல் வைத்திருத்தல் நலம்; மாற்றப்பெற்ற பாடத்தில் ஐயம் எழும்போது ஒப்புநோக்க வேறு சான்று இராது.